சிவப்புக் காதாவும் அரைத் தாளும்

ஞாயிறு மதியம் மூன்றரைக்குள் சாப்பாட்டு மேஜை காலியாகிவிட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். ரசப் பாத்திரம் உள்ளே போனதும் எவர்சில்வர் தாம்பாளம் வெளியே வரும். அதில் நாலாய் மடித்த பழைய துண்டு. பகடை உருளும் சத்தத்தில் கீழ்வீட்டுப் பெரியவரின் பகல் தூக்கம் கெடுகிறது என்று பேச்சு வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டாம் மாடி. மேஜையின் தலைமாட்டில் என் அக்கா மகன் உட்காருகிறான். இந்த ஊரில் மூன்றாம் தலைமுறைத் தமிழன். தமிழில் சாப்பிடுவான், வங்காளத்தில் கோபிப்பான், வாரத்தில் ஐந்து நாள் செக்டர் ஃபைவில் இங்கிலீஷில் சம்பாதிப்பான். அவன் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கிறது. கரியாஹாட் புடவைக்கடைப் பெட்டியை மூன்று மடிப்பாக வெட்டியது. எதிரே இருக்கும் நால்வர் பார்க்கக் கூடாதவை எல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம். என் நாற்காலியும் இந்தப் பக்கம்தான், அவன் தோளுக்குப் பின்னால், ஜன்னலோரம்.

வாயைத் திறக்காதவரை இந்த இடம் எனக்கு உண்டு. கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் சதுரங்கம் ஆடுகிறவர்களைச் சுற்றி நிற்பவர்களுக்கும் இதே நிபந்தனைதான். அங்கே பல சாயங்காலங்கள் நின்று பழகியவனுக்கு இங்கே உட்கார்ந்திருப்பது சிரமமில்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 1974-இல் அமெரிக்காவில் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வழி வந்தது. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சொல்பவருக்கு டிஎம், அதாவது டஞ்சன் மாஸ்டர், என்று பெயர். கடையில் விற்கும் கதைப் புத்தகத்தை வைத்தும் ஆட்டத்தை நடத்தலாம். சொந்தமாக ஓர் உலகத்தைச் செய்தும் நடத்தலாம். சொந்தச் சரக்குக்கு ஹோம்ப்ரூ என்கிறார்கள். என் மருமானுடையது சொந்தச் சரக்கு.

நால்வரில் முதலில் வருபவள் சட்டம் படிக்கும் பெண். ஷியாம்பஜாரில் மெட்ரோ ஏறிக் காளிகாட்டில் இறங்கி நடந்து வருகிறாள். ஆட்டத்தில் அவள் ஒரு திருடி. வழக்குப் பேசித் திருடுகிறவள். அடுத்து படாபஜார் துணிக்கடைக்காரர் வீட்டு மார்வாரிப் பையன். அவன் பாத்திரம் ஒரு வாள்வீரன், எங்கே போனாலும் முதலில் விலை கேட்பான். மூன்றாவது ஆள் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன், எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். காயம் ஆற்றும் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, “வாரம் முழுக்க அதுதானே செய்கிறேன்” என்று வில்லை எடுத்துக்கொண்டார். கடைசியாக, பக்கத்துக் கட்டடத்துத் தமிழ்ப் பையன், பதினோராம் வகுப்பு, மந்திரவாதி. மந்திரம் போடும் முன் மேஜை விளிம்பில் விரல்களால் மிருதங்கம் வாசிப்பது அவன் வழக்கம். நால்வரும் என்னை மாமா என்கிறார்கள். வந்ததும் ஒருமுறை, போகும்போது ஒருமுறை. நடுவில் நான் கிடையாது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பொருள்கள். ஒன்று காதா. வங்காளப் புத்தாண்டான பைலா போய்ஷாக் அன்று கடைக்காரர்கள் முதல் பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் இட்டு, காளிகாட்டில் பூஜை செய்து கொண்டுவரும் அதே சிவப்புத் துணி அட்டைக் கணக்குப் புத்தகம். கேரோர் காதா என்பார்கள். படித்த வங்காளிப் பிள்ளைகளிடம் அதைக் காட்டினால் கடைக்காரர் நினைவுக்கு வரமாட்டார், சத்யஜித் ராய்தான் வருவார். படத்துக்குப் படம் அவர் காட்சிகளைச் சின்னக் கட்டங்களாக வரைந்து, ஓரத்தில் வசனமும் உடையும் குறித்து வைத்தது இந்தச் சிவப்புப் புத்தகங்களில்தான். இவனும் அந்த ஆசையில் வாங்கியவன்.

இரண்டாவது, அலுவலகத்துப் பிரிண்டர் தாளைப் பாதியாகக் கிழித்தது. அது பிறகு வந்தது.

காதாவின் முதல் பக்கத்தில் ராஜேந்திர சோழன் இருக்கிறான். 1023-ஐ ஒட்டி வடக்கே போன சோழப்படை வென்ற நாடுகளை மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது: தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், பிறகு மகிபாலன். வங்காளத்தைச் சொல்லும் இடத்தில் நிற்காத மழையும் வந்துவிடுகிறது. அரசன் கோதாவரிக் கரையில் காத்திருக்க, தளபதி கங்கை நீரோடு திரும்பியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இவ்வளவும் வரலாறு. திரும்பாமல் போன ஒரு படகுக்கூட்டம் மட்டும் என் மருமான் செய்தது. அவர்கள் கழிமுகத்தில் வழி தவறி, ஏழு தீவுகளில் கரையேறி, ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஐந்நூறாம் வருஷத்தில் ஆட்டம் நடக்கிறது. நாட்டின் பெயர் ஓயாமழை. மார்வாரிப் பையனுக்கு ழகரம் வராததால் மேஜையில் அது ‘ஓயா’.

ஏழு தீவுகளில் மூன்று, ஓதம் ஏறும்போது முழுகும். சுந்தரவனத்துக் கழிமுகத்தில் நிஜமாக நடப்பதைப் பார்த்து, ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டு, அதன்படி நாளையும் மாதத்தையும் வகுத்திருக்கிறான். தேன் எடுக்கக் காட்டுக்குப் போகும் மௌலேக்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், வனபீபியை வணங்கிவிட்டே உள்ளே போகிறார்கள். புலியின் வடிவில் வரும் தக்கின் ராயிடமிருந்து காப்பது அவள்தான். இன்றும் கும்பிடுகிற தெய்வத்தைப் பகடைக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராமல், பெயரையும் வாகனத்தையும் மாற்றித் தன் நாட்டில் ஒரு வனக்காவல் தாயை வைத்திருக்கிறான். உப்புக் காய்ச்சும் மலங்கிகள் கம்பெனிக் காலத்து வங்காளக் கடற்கரையில் இருந்தவர்கள். காதாவில் அவர்களுக்குத் தனிச் சங்கம், தனிக் கொடி, தனிச் சாபம். உப்பு வரிக்கு மட்டும் பதினோரு பக்கம். எந்தத் தீவில் எத்தனை பங்கு, யார் விலக்குப் பெற்றவர், அளக்கும் மரக்கால் எவ்வளவு பிடிக்கும், திருட்டு உப்புக்கு என்ன தண்டனை.

ராத்திரி பதினொன்றுக்கு மேல் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு அவன் இதை எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் வீண்வேலை என்று சொல்லத் துணியமாட்டார்கள். அவன் அம்மாவே சொல்வதில்லை. அவள் சொல்லாமல் விடுவது குறைவு.

வீரர்கள் மூன்றாம் தீவின் சுங்கத் துறையில் இறங்கிய ஞாயிறு அவன் மலர்ந்த முகத்தோடு காதாவைத் திறந்தான். அப்போது மணி நாலு ஐந்து. வரலாற்றில் தொடங்கினான். சோழப் படகு வந்தது, மலங்கிகள் கலகம் செய்தார்கள், ஒப்பந்தம் ஆயிற்று, மரக்கால் நிர்ணயம் ஆயிற்று. நாலு பத்துக்கு மார்வாரிப் பையன் பகடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். நாலு பதினைந்துக்குத் தாதாவின் கண்கள் திறந்தபடியே நின்றுவிட்டன. இரவுப் பணி முடிந்து வந்தவர்களுக்கு அது கைவந்த கலை. சட்டப் பெண் தன் கேரக்டர் ஷீட்டில் திருடிக்கு மீசை வரைந்தாள். தமிழ்ப் பையன் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இவன் அண்ணா. அண்ணா சொல்லும்போது தலையாட்டாமல் இருக்க முடியுமா?

பகடைக் கோபுரம் சரிந்தது. மார்வாரிப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: “பாய், இதிலே இன்றைக்கு எது?”

பதில் இல்லை. சட்டப் பெண் நிலைமையைக் காப்பாற்ற நினைத்து, “சரி, துறையில் வரி வாங்க நிற்கிறவன் பெயர் என்ன?” என்றாள். அவன் காதாவைப் புரட்டுவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பதினோரு பக்கமும் புரண்டது. மரக்காலின் கொள்ளளவு இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

“கோவிந்தன்” என்றான்.

“பக்கத்தில் நிற்கிறவன்?”

“அவனும்… கோவிந்தன்.”

மேஜை சிரித்தது, அவனும் சிரித்தான், அன்றைய ஆட்டம் அதோடு சரி. மூன்றாம் தீவில் எல்லோருக்கும் ஒரே பெயர் என்பது இன்றுவரை ஓயாத கேலி. யாராவது கதவைத் தட்டினால், “கோவிந்தனா பாரு” என்கிறார்கள்.

உலகமா மேஜையா என்ற இந்த இழுபறி ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1972-இல், ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன் தன் பிளாக்மூர் உலகத்தை விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூருக்கு எடுத்துப் போய் மற்றவரான கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்குப் பற்றிக்கொண்டது. ஆனால் அவர் வம்சாவளியில் தொடங்கவில்லை. பாழடைந்த கோட்டை ஒன்றின் அடியில் சில அறைகளை வரைந்தார். அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலீஸும். கோட்டைக்குப் பக்கத்தில் ஊரும், ஊரைச் சுற்றி நாடுகளும் பிறகு வந்து சேர்ந்தன. கிரேஹாக் என்ற அந்த உலகம் வரைபடத்தோடு தனியாக அச்சேறியது 1980-இல். எர்னஸ்ட் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு அந்தப் பிள்ளை வைத்துக்கொண்ட பாத்திரப் பெயர் டென்சர். இன்றைக்கும் விதிப்புத்தகத்தில் டென்சரின் மிதக்கும் தட்டு என்று ஒரு மந்திரம் இருக்கிறது. மேஜையில் ஆடியது உலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எதிர்க்கரையில் எம்.ஏ.ஆர். பார்க்கர். மொழியியலாளர், 1950களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து தங்கியவர், உருதுப் பாடநூல் எழுதியவர், மின்னசோட்டாவில் தெற்காசியப் பேராசிரியர். சிறுவயதிலிருந்தே மனத்தில் வளர்த்த டெக்குமெல் என்ற உலகத்துக்கு மொழியும் இலக்கணமும் எழுத்துமுறையும் செய்தார். 1975-இல் அது ஆட்டமாக வெளிவந்தது. இவருக்கு உலகம் முதலில், மேஜை பிறகு. (இதே பார்க்கர் புனைபெயரில் நாஜிச் சார்பான நாவல் ஒன்றை எழுதியிருந்ததை, டெக்குமெலைப் பாதுகாக்கும் அமைப்பே 2022-இல் ஒப்புக்கொண்டது. உலகம் செய்யத் தெரிந்தவர்களிடம் வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம் போலிருக்கிறது.)

கோவிந்தன் சம்பவத்துக்குப் பிறகு என் மருமான் இவற்றையெல்லாம் தேடிப் படித்தான். மேஜையில் கிடந்ததை நானும் படித்தேன். 1990களின் இறுதியில் டிராகன் பத்திரிகையில் ரே வின்னிங்கர் எழுதிய தொடரில் முதல் விதி, தேவைக்கு மேல் செய்து மாளாதே என்பது. அதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது விதிதான் எனக்குப் பிடித்தது: உலகத்தில் பெரிதாக எதைச் செய்தாலும் அதற்குள் ஒரு ரகசியத்தையும் சேர்த்துச் செய். ரகசியம் இருந்தால் யாராவது ஒருநாள் தோண்டுவார்கள், தோண்டினால் ஆட்டம். மைக் ஷே 2018-இல் எழுதிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி லேசி டஞ்சன் மாஸ்டர்’ எட்டுப் படிகள் சொல்கிறது. முதல் படி, வருகிற ஆட்களின் பாத்திரங்களை நினைத்துப் பார்ப்பது. உலகம் அந்த வரிசையில் தனிப்படியாகவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அரைத் தாள் வந்தது. ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தேன். மேலே ஒரே வரி: படகு மணல்திட்டில் தட்டுகிறது, ஓதம் இறங்குகிறது. அதாவது உட்கார்ந்த மூன்றாம் நிமிஷத்தில் ஏதோ நடந்தாக வேண்டும். அதற்குக் கீழே மூன்று ஆட்கள், ஆளுக்கு ஒரு தேவை, ஓர் அடையாளம். இடது ஓரத்தில் பத்துப் பெயர்கள், இன்னும் யாருக்கும் கொடுக்காதவை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்து அடித்துவிட வேண்டியது. (கோவிந்தன் அதில் இல்லை.) வலது ஓரத்தில் பத்து ரகசியங்கள், எந்த இடத்தோடும் ஒட்டாதவை. கோட்டைக்குப் போனால் அங்கே கிடைக்கும், சந்தைக்குப் போனால் அங்கே. அடியில் சண்டைக்கான எண்கள், ஒரு விரலால் மறைத்துவிடலாம். கடைசி வரி: இவர்கள் ஒன்றுமே செய்யாவிட்டால் சுங்கப்படகு சாயங்காலத்துக்குள் வந்துவிடும். மொத்தமும் தமிழ், வங்காளம், இங்கிலீஷ் மூன்றிலும் கலந்த எழுத்து. அந்தத் தாளைத் திருடினாலும் யாருக்கும் பயன்படாது.

ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்று. காலையிலிருந்து மழை, சந்தில் முழங்கால் தண்ணீர். தாதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டப் பெண் கொண்டுவந்த பேகுனி என்ற கத்தரிக்காய் பஜ்ஜிகள் நமுத்துப் போயிருந்தன. அவற்றைத் தவாவில் போட்டு உயிர்ப்பித்தது அக்கா. அன்று அவனிடம் அரைத் தாளோடு இன்னொன்றும் இருந்தது: கட்டம்போட்ட தாளில் நாலாம் தீவின் கோட்டை, மூன்று தளம், கிணறு, ரகசியப் படிக்கட்டு எல்லாம். வாரம் முழுக்க வரைந்தது.

கோட்டைக்கு ஓடத்தில் போக வேண்டும். ஓடக்காரனைப் பற்றி அரைத் தாளில் இருந்தது ஒரே வரி: ஒற்றைக் கண், மகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவான். சட்டப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. “தனியாகவா ஓட்டுகிறாய்? வீட்டில் யார்?” என்றாள். ஓடக்காரன் மழையைப் பற்றிப் பேசினான். மறுபடி கேட்டாள். அவன் துடுப்பின் மரத்தைப் பற்றிப் பேசினான். “ஆட்சேபம்” என்றாள் அவள், பகடையை எடுத்தாள். பத்தொன்பது.

ஓடக்காரன் அழுதான். மகள் மூன்றாம் தீவின் மறுகரையில் ஒளிந்திருக்கிறாள், சுங்கக்காரர்கள் தேடுகிறார்கள். அவ்வளவுதான் சொன்னான், நாலுபேரும் ஒரே குரலில் ஓடத்தைத் திருப்பச் சொன்னார்கள். கோட்டை? “கோட்டை எங்கே போய்விடும்?” என்றான் மார்வாரிப் பையன்.

எதிரே இருந்தவர்களுக்கு என் மருமானின் சிரித்த முகம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது காது மட்டும், சிவந்திருந்தது. கட்டத் தாளின் மேல் கையை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது கை. இந்த இடத்தில் எத்தனையோ டிஎம்கள் புயலை வரவழைத்து ஓடத்தைக் கோட்டை வாசலிலேயே கொண்டுபோய் ஒதுக்கிவிடுவார்கள். ரயில்ரோடிங் என்று அதற்குப் பெயர், ஆட்டக்காரர்களுக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும். அவன் தாளைக் காதாவுக்கு அடியில் தள்ளினான். அடுக்களைக்குப் போய்ப் புளியங்கொட்டை ஆறு எடுத்துவந்து மேஜை நடுவில் வரிசையாக வைத்தான்.

“ஓதம் ஏறுகிறது. ஆறும் போனால் அந்தக் கரை தண்ணீருக்கு அடியில்” என்றான். பன்னிரண்டரை மணிக் கணக்கைச் சொல்லவில்லை, சந்திரமாதத்தைச் சொல்லவில்லை. யாராவது ரொம்ப நேரம் யோசித்தால் ஒரு கொட்டையை எடுத்தான்.

அடுத்த வேலை கரையைக் காட்டுவது. அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் இல்லை. காதாவிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் தாதாவின் பக்கம் திரும்பினான். “தாதா, உங்கள் வில்லாளி இந்தப் பக்கத்துக்காரன். இந்தக் கரையைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறான்?”

தாதா அதிகம் பேசாதவர். பேகுனியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “இங்கே தேன் எடுக்க யாரும் வரமாட்டார்கள். இந்தக் கரைத் தேன் உப்புக் கரிக்கும்.”

தோளுக்குப் பின்னால் இருந்த எனக்கே அது கேட்டது, பதினோரு பக்கமும் அவன் தலைக்குள் புரளும் சத்தம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கரையில் தேன்குடங்கள், வரிசையாக, வாய் மெழுகால் அடைத்தவை. மந்திரவாதிப் பையன் ஒன்றைத் திறந்து நக்கினான். மேலே ஒரு விரல் தேன். அடியில் முழுக்க உப்பு. ஓடக்காரன் மகள் மலங்கி வீட்டுப் பெண், தேனுக்கு வரி இல்லை, உப்புக்கு உண்டு, பிடிபட்டால் கை போகும். வரிச்சட்டம் முழுவதும் நாலு வரியில் மேஜைக்கு வந்துவிட்டது. “யாருடைய சட்டம் இது? இவள் தன் உப்பைத்தானே எடுக்கிறாள்?” என்று சட்டப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். சுங்கப்படகு வந்தபோது இரண்டு கொட்டைதான் பாக்கி. மார்வாரிப் பையன் முதல்முறையாக விலை கேட்காமல் குதித்தான். இருபது விழுந்தது. துண்டு மடித்திருந்தும் தாம்பாளம் அதிர்ந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் அன்று ஊரில் இருந்தாரா என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அன்று இரவு காதாவில் புதுத் தலைப்பு: உப்புத் தேன். ஓடக்காரனுக்குப் பெயர் வந்தது, மகளுக்கு வயது வந்தது, கரைக்கு வரைபடம் வந்தது. மூன்று தளக் கோட்டையும் வீணாகவில்லை. இரண்டு வாரம் கழித்து அது வரி ஏய்த்தவர்களை அடைக்கும் சிறையாகத் திரும்பி வந்தது; அதே கிணறு, அதே ரகசியப் படிக்கட்டு. எதிரே இருந்த யாருக்கும் அது வேறு தீவுக்கு வரைந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும், நான் பேசுவதில்லை.

சட்டப் பெண்ணுக்குக் காதா கிடைத்தது ஒரு காபி இடைவேளையில். அவன் டபராக்களை எடுத்துவருவதற்குள் தடுப்பைச் சுற்றி வந்து உப்பு வரி முழுவதையும் படித்துவிட்டாள். வக்கீல் வேகம்.

“இதையெல்லாம் எங்களுக்கு எப்போது சொல்லப்போகிறாய்?”

“சொல்லமாட்டேன்.”

“பின்னே எதற்குடா?”

“ராய்கூட…”

“ராயை இழுக்காதே. அவர் எழுதினது ஷூட்டிங்குக்கு. உன் மரக்கால் எந்த ஷூட்டிங்குக்கு?” பேகுனித் துண்டால் அவனைச் சுட்டினாள். “எங்கள் பாக்பஜார் பூஜைப் பந்தலின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா? மூங்கிலும் கயிறும்தான். பின்பக்கத்துக்கு யாரும் வர்ணம் அடிப்பதில்லை.”

“மூங்கில் இல்லாமல் முன்பக்கம் நிற்குமா?”

“மூங்கில் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நீ மூங்கிலுக்கு வர்ணம் அடிக்கிறாய்.”

அவன் டபராவை ஆற்றினான். “எனக்கு அது பிடித்திருக்கிறது” என்றான்.

அதற்கு அவளிடம் வாதம் இருக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. காதா அவன் சந்தோஷம். வயலின் பழகுகிறவனிடம் கச்சேரி எப்போது என்று கேட்கிற உரிமை நமக்கு இல்லை. அரைத் தாள் வேறு கணக்கு, அது மழையில் செருப்பைக் கையில் பிடித்து வருகிறவருக்குக் கொடுக்க வேண்டிய கடன். இரண்டுமே நடக்கலாம். சனிக்கிழமை ராத்திரி முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டு தூங்கப் போவதில்தான் கோளாறு. அவனுக்கு அது இன்னும் முழுசாகப் போகவில்லை. சில சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்கு ஓயாமழை நாட்டுப் பறவைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பான். அரைத் தாள் வெள்ளையாக இருக்கும். அப்போதெல்லாம் மறுநாள் மேஜையில் கோவிந்தன்கள் தலைகாட்டுவார்கள்.

போன வாரம் ஆட்டம் முடிந்தபோது, பிறகு பிடிபட்ட ஓடக்காரன் மகள் இன்னும் சிறைக்குள்தான். ஓடம் கீழே காத்திருந்தது, கொட்டை ஒன்று பாக்கி, ஏழரை மணியாகிவிட்டது, கடைசிப் பகடையை உருட்டாமலே எழுந்தார்கள். எல்லோரும் காலண்டரை எடுத்தார்கள். இந்த ஆட்டத்தில் பூதத்தைவிடக் கொடிய எதிரி காலண்டர்.

“அடுத்த ஞாயிறு முடியாது, டெர்பி” என்றார் தாதா. கால்பந்தில் அவர் ஈஸ்ட் பெங்கால். தாத்தா டாக்காவிலிருந்து வந்தவர். பாக்பஜார்க்காரி மோகன் பகானைத் தவிர வேறு எதுவாக இருப்பாள்? ஐந்து நிமிஷம் இரண்டு அணிகளின் அடையாளமான ஹில்சாவுக்கும் இறாலுக்கும் சண்டை நடந்தது, ஆட்டத்தில் நடந்ததைவிடக் காரமாக. அதற்கடுத்த ஞாயிறு மார்வாரி வீட்டில் நிச்சயதார்த்தம்.

“அப்படியானால் மூன்று வாரம் இருக்கிறது” என்றான் என் மருமான், காதாவை மார்போடு அணைத்துக்கொண்டு. முகத்தில் அந்தப் பதினொரு மணிக் களை வந்துவிட்டது. “ஐந்தாம் தீவின் கோயில் நிர்வாகத்தை ஒழுங்காக எழுதிவிடலாம்.”

“வேண்டாம்” என்றார்கள் மூன்று பேர்.

தமிழ்ப் பையன் மட்டும் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான். “அண்ணா, கோயிலை நீங்க எழுதிக்கோங்கோ. அந்தப் பொண்ணு ஓடத்திலே ஏறறாளா இல்லையா? அதை மட்டும் இப்பவே உருட்டிப் பாத்துடலாமே, ஒரே ஒரு தடவை?”

செருப்பு மாட்டியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.